டீச்சரிடம் கேளுங்கள்: முகாம் முடிந்த பிறகு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றியவை. மே மாதம் முகாம் நடத்திய சபைகளெல்லாம் ஆகஸ்டில் கண்விழித்து, பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தேடுகின்றன. அதனால் இந்தத் தடவை மாமியார், மருமகள் கேள்விகளுக்கு விடுமுறை.

கேள்வி: டீச்சர், எங்கள் வாலிபர் சங்கம் மே மாதம் மூன்று நாள் முகாம் நடத்தியது. தமிழ்நாடு, கேரள எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கடைசி ராத்திரி ஐம்பது பேருக்கு மேல் எழுந்து முன்னே வந்து தங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். தீர்மானச் சீட்டு நிரப்பி வாங்கினோம், வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். இப்போது குழுவில் காலை வசனப் படம் மட்டும் வருகிறது. ஞாயிறு ஆராதனையில் நாலைந்து முகங்கள்தான் மிச்சம். எங்கே விட்டோம்?
*- வாலிபர் சங்கச் செயலாளர், குழித்துறை அருகில்*

பதில்: தம்பி, அந்தச் சீட்டுக் கட்டை எடுத்து மேசையில் பரப்புங்கள். நான் பார்த்த கட்டுகளெல்லாம் ஒரே மாதிரிதான். ராத்திரி பத்து மணிக்கு, பாதி விளக்கை அணைத்து, கீபோர்டு மெதுவாக வாசித்துக்கொண்டிருக்கும்போது முன்னால் நிற்கிறவன் முதுகில் வைத்து எழுதியவை. கட்டம் மூன்று இருந்தால் மூன்றிலும் டிக். முதல் தடவை ஒப்புக்கொடுக்கிறேன், மறுபடியும் ஒப்புக்கொடுக்கிறேன், முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன், எல்லாமே ஒரே ஆள். விலாசத்தில் 'செறுவிளை வீடு' என்று மட்டும் இருக்கும். ஒரு பஞ்சாயத்தில் செறுவிளை வீடு நாலு இருக்கும். போன் நம்பர் அம்மாவுடையது. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலையில், வேலை பார்க்கிறார். உங்கள் காலை வசனம் அவருக்குத்தான் போகிறது. அவரும் தவறாமல் ஆமென் போடுகிறார்.

இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு ஐம்பது பேரைத் தேட முடியாது. முகாமின் முதல் நாள் காலையிலேயே, வெளிச்சத்தில், நிதானமாக விவரம் வாங்க வேண்டும். எந்த ஊர், யார் மகன், எந்தப் பள்ளி, எந்தச் சபை. கடைசி ராத்திரிச் சீட்டில் பெயர் மட்டும் போதும்.

'எந்தச் சபை' என்பதைத் தடித்த எழுத்தில் கேளுங்கள். நம்முடைய இந்த மூலையில் சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக் கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று ஒரே தெருவில் எல்லாரும் இருக்கிறோம். மாநிலக் கோடும் சபைக் கோடும் ஒன்றல்ல. தூத்தூர் கரை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் அங்குள்ள பங்குகள் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. சி.எஸ்.ஐ.யிலும் 1959 வரை கன்னியாகுமரி, தென்கேரளத் திருமண்டலத்தோடுதான் இருந்தது. உங்கள் முகாமுக்கு வந்த பையன் மலங்கரைப் பையன் என்றால் அவனுடைய சபைப் பாதிரியாரான அச்சனிடம் போய்ச் சொல்லி ஒப்படையுங்கள். அவன் உங்கள் ஆராதனையில் இல்லை என்பதற்காக அவன் தொலைந்துபோனான் என்று கணக்கு எழுதாதீர்கள். நாலைந்து முகம் என்கிறீர்களே, மற்றவர்கள் வேறு சபையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று யாராவது விசாரித்தீர்களா?

அடுத்தது ஆள். ஒரு பெரியவருக்கு மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் வேண்டாம். பேச வந்த பிரசங்கியார் அடுத்த முகாமுக்குப் போய்விட்டார், அவரை விடுங்கள். அதே ஊரில், அதே பஸ்ஸில் போகிற ஒருவர் வேண்டும். அந்த ஆள் யார் என்பது முகாமுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முகாம் முடிந்த பத்து நாளுக்குள் அவர் அந்தப் பையனை ஒரு தடவை நேரில் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் பழைய வீடுதான். அப்பா குடித்துவிட்டு வந்திருக்கிறார், தேர்வு முடிவு வந்திருக்கிறது. பாட்டும் கைத்தட்டலும் எவ்வளவு நாள் தாங்கும்?

பவுல் பர்னபாவிடம் சொன்னதை அப்போஸ்தலர் 15:36ல் பாருங்கள். பிரசங்கம் பண்ணின பட்டணங்களுக்கெல்லாம் திரும்பப் போய், அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்கிறார். எத்தனை பேர் என்ற பேச்சே அங்கே இல்லை.

போகிறவர் வாசலில் நின்றுகொண்டு "பைபிள் வாசித்தாயா?" என்று தொடங்கினால் பையன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். அருமனைப் பக்கம் ஒரு வாலிபர் தலைவர் செய்ததைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்குப் போயிருக்கிறார். பையன் அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போய் வந்து, தட்டில் உறைந்த பாலை மெஷினில் கொடுத்து ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். இவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். ஒருவர் சுற்ற, ஒருவர் மறுபக்கம் ஷீட்டை வாங்க, வேலை நடந்தது. ஆசிட் வாடை, காலெல்லாம் வெள்ளைத் தண்ணீர். ஆறேழு ஷீட் போன பிறகுதான் பையன் வாய் திறந்தானாம்: "அண்ணா, அப்பா மேல வெறுப்பு வந்தா அது பாவமா?" முகாமின் கேள்வி நேரத்தில் துண்டுச் சீட்டில்கூட அவன் இதை எழுதவில்லை. மெஷின் பக்கத்தில் கேட்டான்.

சிலர் முன்னே வருவது வாழவே பிடிக்காமல் போனதால் என்பதையும் மனதில் வையுங்கள். அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 2022லிருந்து இருக்கிறது, இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே போன் போடுங்கள். வீட்டாருக்கும் தெரியவேண்டும்.

அப்புறம், வேலை கொடுங்கள். உங்கள் கவலை புதிது இல்லை. 1881ல் அமெரிக்காவில், மேய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில், ஃபிரான்சிஸ் கிளார்க் என்ற போதகருக்கும் இதே கவலைதான். அந்தக் குளிர்காலத்தில் அவர் சபையில் வாலிபர்கள் பலர் விசுவாசத்துக்கு வந்தார்கள். இவர்களை என்ன செய்வது என்று யோசித்து, பிப்ரவரி 2ஆம் தேதி தன் வீட்டுக்கே கூப்பிட்டு ஒரு சங்கம் தொடங்கினார். அதுதான் கிறிஸ்டியன் எண்டெவர். வாரக் கூட்டத்துக்கு வருவது மட்டும் போதாது, வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதாவது பங்கெடுக்க வேண்டும் என்பது உறுதிமொழி. புதிதாக வருகிறவர்களையும் விலகிப் போகிறவர்களையும் கவனிக்க வாலிபர்களிலேயே ஒரு கமிட்டி. அதாவது, அவர்களைத் தொடர்ந்து பார்க்கிற வேலையையே அவர்கள் கையில் கொடுத்துவிட்டார். நாம் என்ன செய்கிறோம்? முகாம் முடிந்து வந்த பிள்ளையைப் பின் பெஞ்சில் உட்காரவைத்து, அறுப்பின் பண்டிகைக்கு நாற்காலி தூக்க மட்டும் கூப்பிடுகிறோம்.

பெரிய கூட்டங்கள் நடத்தியவர்களும் மேடையை மட்டும் நம்பவில்லை. 1956ல் பாளையங்கோட்டைக்கும் கோட்டயத்துக்கும் வந்த அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாம், அதற்குச் சில வருடம் முன்பே டாசன் டிராட்மேன் என்பவரைக் கூப்பிட்டு, முன்னே வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசத் தனி ஆட்களைப் பழக்கியிருந்தார். நம் ஊரில் மைக் செட்டுக்கு முன்பணம் கொடுப்பதோடு ஆயத்தம் முடிந்துவிடுகிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 'முகாம் பிள்ளைகள் சந்திப்பு' என்று செப்டம்பரில் வைக்க நினைத்திருந்தால் இரண்டு பக்கத்து நாட்காட்டியையும் பாருங்கள். அந்தப் பக்கம், ஓணம் செப்டம்பரில் வருகிற வருடமானால், ஓணப் பரீட்சை, ஓண விடுமுறை. இந்தப் பக்கம் காலாண்டுத் தேர்வு.

கேள்வி: என் மகள் பாறசாலையில் பிளஸ் ஒன் படிக்கிறாள். முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து அங்கே தலைவராக இருந்த ஒரு 'அண்ணன்' ராத்திரி பதினொரு மணிக்கு வசனமும் ஆறுதலும் அனுப்புகிறார். "வீட்டில் காட்ட வேண்டாம், இது நம் ஜெப விஷயம்" என்று ஒரு தடவை எழுதியிருக்கிறார். ஊழியக்காரரைச் சந்தேகப்பட்டால் பாவம் என்கிறார் என் அத்தை. பயமாக இருக்கிறது.
*- பெயர் வேண்டாம்*

பதில்: அத்தையை விடுங்கள். உங்கள் பயம் சரியான பயம். வீட்டில் காட்ட வேண்டாம் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்கிறவர் எந்த ஊழியமும் செய்யவில்லை.

மகளைத் திட்டாதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். அவள் தப்பு எதுவும் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். வந்த செய்திகள் அழியாமல் படம் எடுத்து வையுங்கள். அந்தச் சபைப் போதகரிடமும் முகாம் நடத்திய கமிட்டியிடமும் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். செய்தியில் உடம்பைப் பற்றியோ, தனியே சந்திப்பதைப் பற்றியோ ஒரு வரி இருந்தாலும் சபை விசாரணைக்குக் காத்திருக்காதீர்கள். 1098 சைல்டுலைன், இல்லையென்றால் நேராகப் போலீஸ். 2012ஆம் வருடப் போக்சோ சட்டத்தில் 18 வயது நிறையாதவர்கள் எல்லாரும் குழந்தைகள்தான். சபையின் பெயர் கெட்டுப்போகும் என்று யாராவது சமாதானம் பேச வந்தால் சாயா கொடுக்காமல் அனுப்புங்கள்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும் இதே இடத்தில் சொல்கிறேன். பெண்பிள்ளைகளைப் பெண்கள் பார்க்கட்டும். பிள்ளையோடு பேசுவது திறந்த திண்ணையில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நடக்கட்டும். குழுவில் பெற்றோர் ஒருவர் இருக்கட்டும். ராத்திரி எட்டரைக்கு மேல் செய்தி வேண்டாம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18க்குக் கீழே உள்ளவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சீட்டில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு போட அச்சகத்தில் தனிக் காசு வாங்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் கால்பந்துப் போட்டிக்கு வந்த ஒரு பையன், இந்து வீடு, இப்போது வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவுக்கு வர ஆசைப்படுகிறான். பதினைந்து வயது. அப்பாவுக்குத் தெரிந்தால் விடமாட்டார். டியூஷன் என்று சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்கிறான்.
*- மேல்புறம் வாசகர்*

பதில்: வேண்டாம். பொய் சொல்லிக்கொண்டு வேதம் படிக்க வருவதில் தொடக்கமே கோணல். நீங்களே அவன் வீட்டுக்குப் பகலில் போய், யார், என்ன சபை, எதற்கு வந்தோம் என்பதை மறைக்காமல் அப்பாவிடம் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கால்பந்து இருக்கிறதே, அதை ஏன் நிறுத்த வேண்டும்? பந்து விளையாட வருகிறவனிடம் வசனத்தை நைசாக நுழைப்பதும் வேண்டாம். பதினெட்டு தாண்டிய பிறகு அவன் முடிவு அவனுடையது.

1982 மண்டைக்காட்டு மதக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த தலைமுறை இந்த மாவட்டத்து வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்த அப்பா அதில் ஒருவராக இருக்கலாம். ஒரு பையன் ஜெபக்குழுவுக்கு வந்தான் என்ற கணக்கைவிட, அந்தத் தெருவில் உங்களைப் பார்த்தால் அவர் முகம் திருப்பாமல் இருப்பது பெரிது என்பேன். அதற்காகவே என்னைத் திட்டிச் சிலர் எழுதுவார்கள், எழுதட்டும்.

கேள்வி: நான் வள்ளவிளை. கொச்சி தோப்பும்படியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை. தடைக்காலத்தில் ஊரில் இருந்தபோது இளைஞர் தியானத்துக்குப் போனேன், மனசு மாறியது. இப்போது மாதக் கணக்கில் கடலில். சிக்னல் இல்லை. ஞாயிறு கூட்டத்துக்கு வராதவன் என்று பெயரை எடுத்துவிட்டார்கள்.

பதில்: மக்களே, பெயரை எடுத்தவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. கடற்கரை இளைஞர்களுக்கு ஞாயிறு வருகைப் பதிவேடு வைத்துக் கணக்குப் பார்ப்பது, பால்வெட்டுகிறவனைக் காலை ஐந்து மணி ஜெபத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி. தமிழ்நாட்டு மேற்குக் கரையில் ஜூன் 1 முதல், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல், இரண்டிலும் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதம்தான் உங்களுக்கு 'வருடம் முழுக்க'. வாரம் இரண்டு தடவை உட்காரலாம், படிக்கலாம், திட்டம் போடலாம். மற்ற பங்குகள் மே மாதம் செய்வதைப் பார்த்து நகல் எடுக்க வேண்டியதில்லை.

கடலுக்குப் போகுமுன் மாற்கு நற்செய்தியை ஒலிப்பதிவாகப் போனில் இறக்கிக்கொள். 16 அதிகாரம்தான். அதே போட்டில் ஒரு கூட்டாளி கிடைத்தால் ராத்திரிக் காவல் நேரத்தில் இரண்டு பேரும் ஒரு அதிகாரம் கேட்கலாம். உங்கள் இளைஞர் தலைவருக்கு ஒரே ஒரு வேலை: போட் என்று கிளம்புகிறது, என்று துறைமுகத்துக்குத் திரும்புகிறது என்று தெரிந்து வைத்து, சிக்னல் கிடைத்த அன்றே உன்னைக் கூப்பிடுவது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு உங்கள் கரையில் போட் திரும்பும் நாளை யாருக்கும் நினைவூட்ட வேண்டாம். அம்மாமார் விரல்விட்டு எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலைவர் அவர்களிடம் கேட்டாலே போதும்.

கேள்வி: முகாமில் எல்லாருக்கும் தமிழ்ப் புதிய ஏற்பாடு கொடுத்தோம். பாதிப் பேர் திறக்கவே இல்லை.
*- இஞ்சிவிளை வாசகர்*

பதில்: வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளைகள் அவர்கள். கூச்சத்தில் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். எந்த எழுத்து எளிதாக வரும் என்று கேட்டு, அந்த எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி: வீடு வீடாகப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன். எல்லா வீட்டிலும் சாயா, மரச்சீனிக் கிழங்கு, பழம்பொரி. எனக்கு சுகர். மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்ய?
*- ஓய்வுபெற்ற உபதேசியார், மார்த்தாண்டம்*

பதில்: ஐயா, கட்டன் சாயா, சீனி போடாமல், என்று படியேறும்போதே சொல்லிவிடுங்கள். மரச்சீனியில் ஒரு துண்டு. பழம்பொரியைப் பொட்டலம் கட்டி வாங்கி, அடுத்த வீட்டுப் பையனிடம் கொடுங்கள்.