கிளப் தலைவருக்காக அழுகிறவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கால்பந்தை விடாமல் பார்ப்பவன் நான். ஒரு விஷயம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்பின் தலைவரும் முதலாளியுமான தாய்லாந்துக்காரர் விச்சாய் 2018-இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது எடுத்த காணொளிகளை அண்மையில் மறுபடி பார்த்தேன். நரைத்த தலை ஆண்கள் மைதான வாசலில் நின்று தேம்பி அழுகிறார்கள். ஆட்டக்காரருக்காக அழுதால் புரிகிறது, கோல் போட்டவர் அவர். இவரோ பெரும் பணக்காரர். அவருடைய சொத்துகளில் அந்த கிளப்பும் ஒன்று, அவ்வளவுதானே? முதலாளிக்காக ரசிகன் அழுவது அடிமைப் புத்தி இல்லையா? ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, செல்சி கிளப்பின் ரஷ்ய முதலாளி அப்ரமோவிச் விலகியபோதும் இதையே பார்த்தோம். உக்ரைன் மக்களுக்காக மைதானமே எழுந்து நின்று கைதட்டிய நேரத்தில் செல்சி ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். இரண்டும் ஒரே நோய் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் கருத்து என்ன?

ச.

அன்புள்ள ச.,

இரண்டும் ஒன்றல்ல. அடிமைப் புத்தி என்பதையும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் உங்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லெஸ்டர் 2002-இல் கடனைக் கட்ட முடியாமல் திவாலின் விளிம்புக்குப் போன கிளப். 2008-இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கியது. 2010-இல் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா அதை வாங்கியபோது யாரும் பூரித்துப்போகக் காரணமில்லை. மூன்று வருடம் முன்புதான் தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் ஒருவர் மான்செஸ்டர் சிட்டியை வாங்கி, அடுத்த வருடமே கைமாற்றிவிட்டிருந்தார். இவரும் அப்படித்தான் என்று நினைக்க எல்லா முகாந்திரமும் இருந்தது.

அந்தச் சந்தேகத்தைக் கரைத்தது பேச்சல்ல. அவர் பேட்டியே அதிகம் கொடுத்ததில்லை. கிளப்புக்குத் தான் கொடுத்திருந்த கடனில் 10 கோடி பவுண்டுக்கும் மேலான தொகையைப் பங்குகளாக மாற்றினார். கேட்க வறட்டுக் கணக்காகத் தோன்றும். ஒரு ரசிகனுக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. முதலாளி போட்ட பணம் கடனாகவே நின்றால், அவர் மனம் மாறுகிற அன்று கிளப்பின் கழுத்தில் கயிறு விழும். பங்காக மாறிவிட்டால் அந்தப் பயம் பாதி போயிற்று. பிறகு 2016-இல் நடந்தது உங்களுக்கே தெரியும். ஜெயிக்கவே ஜெயிக்காது என்று பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை சொன்ன அணி, இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. அதே வருடம் ஊர் மருத்துவமனைகளுக்கு 20 லட்சம் பவுண்ட் கொடுத்தார். தன் பிறந்தநாள் வந்தால் மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு இலவசமாக பீர் ஊற்றச் சொல்வார். பீருக்காக யாரும் அழமாட்டார்கள். ஆனால் டிக்கெட் விலை ஏற்றும்போது மட்டும் ரசிகனை நினைக்கிற உலகத்தில், தான் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பது முதலாளிக்குத் தெரிகிறது என்பது அவனுக்குப் பெரிய விஷயம்.

சொந்த மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் அவருடைய ஹெலிகாப்டர் நடுவட்டத்திலிருந்தே மேலெழும்பும். ரசிகர்களுக்கு அது பழகிப்போன காட்சி. 2018 அக்டோபர் 27 அன்று வெஸ்ட் ஹாமுடன் 1-1 என்று முடிந்த பிறகும் அப்படித்தான் கிளம்பியது. மைதானத்துக்கு வெளியே சில நூறு மீட்டரில் விழுந்தது. அவரோடு மேலும் நால்வர் இறந்தார்கள். மறுநாளிலிருந்து பூக்களும் ஜெர்சிகளும் ஸ்கார்ஃப்களும் குவிந்தன. குவியலுக்கு நடுவே ஒரு பிள்ளையார் படமும் இருந்தது. ஒரு பௌத்தருக்காக, ஓர் ஆங்கில ஊரில், ஒரு கால்பந்து மைதானத்தின் சுவரோரம். ஒரு வாரம் கழித்து கார்டிஃபில் லெஸ்டர் ஆட்டக்காரர் டிமாராய் கிரே கோல் போட்டதும் ஜெர்சியைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த பனியனில் விச்சாயின் பெயர். ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பது விதி. நடுவரும் காட்டினார். ஆட்டம் முடிந்த கையோடு அணி இறுதிச் சடங்குக்காக பாங்காக்குக்கு விமானம் ஏறியது.

இந்த அன்பு கண்மூடித்தனமானது என்று நினைக்கவேண்டாம். பட்டம் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ரனியேரியை ஒன்பதே மாதத்தில் வெளியே அனுப்பியதும் விச்சாயின் நிர்வாகம்தான். பலருக்கு அது ஆறாத காயம். அதைத் தெரிந்துகொண்டேதான் அழுதார்கள்.

ஆட்டக்காரருக்காக அழுதால் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டம் வென்ற அதே கோடையில் லெஸ்டரின் நட்சத்திர ஆட்டக்காரர் கான்டே செல்சிக்குப் போனார். இரண்டு வருடம் கழித்து இன்னொரு நட்சத்திரம் மஹ்ரெஸ் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். ரசிகன் இதற்குப் பழகியவன். ஆட்டக்காரர் போனால் அணி பலவீனமாகும், அடுத்த சீசனில் வேறொருவர் வருவார். உரிமையாளர் போனால் கிளப்பே வேறொருவர் கைக்குப் போகிறது. யார் கைக்கு என்று ரசிகனை யாரும் கேட்பதில்லை. அந்த அழுகையில் பாதி போனவருக்காக. மீதி, வரப்போகிறவர் யாரோ என்ற பயம்.

அந்தப் பயம் வீண் இல்லை. பிளாக்பர்ன் கிளப்பைப் பாருங்கள். ஜாக் வாக்கர் அந்த ஊரிலேயே பிறந்து, எஃகு வியாபாரத்தில் பணம் சேர்த்து, சிறு வயதிலிருந்து தான் நேசித்த கிளப்பை 1991-இல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர். ஈவுட் பார்க் மைதானத்தைப் புதிதாகவே கட்டினார். 1995-இல் 81 வருடங்களுக்குப் பிறகு லீக் பட்டம் வந்தது. 2000-இல் அவர் இறந்தார். குடும்ப அறக்கட்டளை பத்து வருடம் தாங்கிப் பிடித்துவிட்டு, 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸுக்கு விற்றது. அடுத்த மாதமே பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2012 மே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய இரவில், ரசிகர்கள் மைதானத்துக்குள் ஓர் உயிருள்ள கோழியை விட்டார்கள், கிளப் கொடியைப் போர்த்தி. 2017-இல் மூன்றாம் பிரிவு. அந்த நிறுவனம் பணம் போடாமல் இல்லை, நிறையவே போட்டிருக்கிறது. ஆனால் வாக்கர் ரசிகர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்த இடத்தைப் பணத்தால் நிரப்ப முடியவில்லை.

பெரி கிளப்பின் கதை இன்னும் கொடுமை. 1885-இல் தொடங்கிய கிளப். 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, எப்படியாவது பிழைத்துவிடும் என்ற நம்பிக்கையில் ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேன் மைதானத்தின் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே லீக்கிலிருந்து பெரி நீக்கப்பட்டது. நல்ல தலைவர் போகிறார் என்ற செய்தி வரும்போது எந்த ஊர் ரசிகனுக்கும் இந்தக் கதை நினைவுக்கு வராமலிருக்காது.

செல்சி விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். 2003-இல் அப்ரமோவிச் வாங்கிய பிறகு பத்தொன்பது வருடத்தில் 21 கோப்பைகள். போகும்போது 150 கோடி பவுண்ட் கடனைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ரசிகர்களுக்கு நன்றி இருக்கத்தான் செய்யும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2022 மார்ச் 5 அன்று பர்ன்லி மைதானத்தில், குண்டு விழும் ஊர்களில் இருப்பவர்களுக்காக எல்லோரும் கைதட்டும் அந்த ஒரு நிமிடத்தில் அவர் பெயரைக் கத்தியது நன்றி ஆகாது. இது அதற்கான நேரமில்லை என்று அவர்களுடைய பயிற்சியாளர் டூஹலே வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து நாளில் பிரிட்டிஷ் அரசு அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியது. தன் கிளப்புக்கு நல்லவர் என்பதாலேயே ஒருவர் உலகத்துக்கும் நல்லவர் ஆகிவிடமாட்டார் என்பதை அன்று அவர்கள் ஏற்க மறுத்தார்கள். லெஸ்டர் வாசலில் நின்றவர்கள் யாருடைய துயரத்தின் மீதும் காலை வைத்து நிற்கவில்லை.

இனி உங்கள் நியாயத்துக்கு வருகிறேன். ஒரு ஊரின் நூறு வருட நினைவு ஒரே ஒரு பணக்காரரின் நல்ல மனதை நம்பி நிற்பது சரியில்லை. அதில் எனக்கும் கோபம் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடம் இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் அங்கே கண்மூடித்தனம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பயர்ன் மியூனிக்கின் ஊலி ஹோனஸ் 2.85 கோடி யூரோ வரி ஏய்ப்புக்காக 2014-இல் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் 2016-இல் உறுப்பினர்கள் அவரையே மறுபடி தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் அது அவர்கள் போட்ட ஓட்டு, வேண்டாம் என்று சொல்லவும் அவர்களால் முடிந்திருக்கும். பெரி ரசிகர்களுக்கு அதுகூட இல்லை.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. முதல் ஐந்து பிரிவு கிளப்புகளுக்கும் சுதந்திரமான ஒரு கண்காணிப்பு அமைப்பு, உரிமம், வாங்க வருகிறவரின் தகுதியையும் பணத்தின் மூலத்தையும் ஆராயும் அதிகாரம், மைதானத்தை விற்பதற்குத் தடை போடும் அதிகாரம் எல்லாம் அதில் உண்டு. ரசிகர்களைக் கலந்து பேசுவதும் இனிக் கட்டாயம். ஓட்டுரிமை இல்லைதான். ஆனால் பெரிக்கு நேர்ந்ததைத் தடுக்க இது போதும் என்று நம்புகிறேன். ஒரு தலைவர் விலகும்போது அழுவதோடு, அடுத்தவரைப் பற்றிக் கேள்வி கேட்கவும் ரசிகனுக்கு இனி ஓர் இடம் இருக்கும்.

லெஸ்டர்காரர்களுக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவைப்படவில்லை. விச்சாய்க்குப் பிறகு அவர் மகன் ஐயாவத் தலைவரானார். 2021-இல் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்தின் பழம்பெரும் கோப்பை வந்தது. பிறகு சரிவு. 2023-இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, ஏறி, 2025-இல் மறுபடி இறங்கியது. அந்தக் கடைசி சீசனில் ரசிகர்கள் பதாகை பிடித்து நிர்வாகத்துக்கு எதிராகப் போராட்டம் நடத்தினார்கள். தகப்பனுக்காக அழுத அதே ரசிகர்கள்தான், ச. அவர்களை அடிமைகள் என்று நான் எப்படிச் சொல்வேன்?