காற்று அடித்த பிறகும் விளக்கு ஏன் எரிகிறது?

கேள்வி: என் கார் டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறியோடு எரிந்தது. நான்கு டயருக்கும் காற்று அடித்தேன். அப்படியும் அணையவில்லை. நண்பர் சொன்னபடி ரீசெட் பட்டனை அழுத்தினேன், போய்விட்டது. நான்கைந்து நாளில் மறுபடி வந்துவிட்டது. இப்படி மூன்று முறை ஆகிவிட்டது. ஒரேயடியாக அணைக்க வழி உண்டா?

பதில்: மூன்று முறை அழுத்திவிட்டீர்கள் என்று படித்ததும் பதறிப்போனேன். தயவுசெய்து நான்காவது முறை அழுத்தாதீர்கள். அது டயரில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு. உங்கள் டயர் ஒன்றில் காற்று மெல்லக் கசிகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த பட்டன் என்ன செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரீசெட் பட்டன் உள்ள பல கார்களில் டயருக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் வேக சென்சார்தான் இந்த வேலையையும் பார்க்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு ஒரு துளி குறையும். மற்ற மூன்றோடு சேர்ந்து ஓட அது கொஞ்சம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் விளக்கு எரிகிறது. நீங்கள் ரீசெட் அழுத்தும்போது, 'இப்போது இருக்கும் நிலைதான் சரி, இதையே மனதில் வைத்துக்கொள்' என்று காருக்குச் சொல்கிறீர்கள். டயரில் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) மட்டும் இருக்கும்போது அழுத்தினால், 26-தான் சரியென்று அது கற்றுக்கொள்ளும். அப்புறம் விளக்கு வரும்போது டயர் இன்னும் மோசமாக இறங்கியிருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் வெளியூர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். அளந்து பார்க்காமல் நானே அவருக்கு ரீசெட் செய்து கொடுத்தேன். பாதி வழியில் பின்பக்க டயர் போய்விட்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த டயரைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கருப்பு ரப்பர் பொடி கைப்பிடியளவு கொட்டியது. காற்றில்லாமல் ஓடியதில் பக்கச் சுவர் மடங்கி மடங்கி உள்ளேயே அரைபட்டிருந்தது. அன்றிலிருந்து காற்றழுத்தம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்காமல் அந்த பட்டனை நான் தொடுவதில்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். ஓட்டிய வண்டி என்றால் நிறுத்தி மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடிய டயரில் சூட்டினால் நான்கைந்து பிஎஸ்ஐ ஏறித் தெரியும். அந்தச் சூட்டில் 33 காட்டுகிறதே என்று நிறுத்திவிட்டால், மறுநாள் காலையில் 28, 29-தான் இருக்கும். நீங்கள் காற்று அடித்தும் விளக்கு அணையாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனை பிஎஸ்ஐ வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்காதீர்கள்.

நான்கிலும் ஸ்டிக்கரில் சொன்ன அளவு அடித்துவிட்டு, எண்களைத் தாளில் குறித்து வையுங்கள். இரண்டு நாள் கழித்து, அதே காலை நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். எது மட்டும் இறங்கியிருக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதன் வால்வு மூடியைக் கழற்றி, வால்வின் வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். சொட்டு அப்படியே நின்றால் வால்வில் குறை இல்லை. மெல்ல உப்பிக் குமிழியானால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி தளர்ந்திருக்கிறது. அதை முடுக்கினாலோ மாற்றினாலோ போதும். வால்வு சரியாக இருந்தால் ரிம்மும் டயரும் சேரும் விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள், பிறகு தரையில் படும் பட்டைப் பகுதியில். ஆணி இருந்தால் தலை தேய்ந்து, பட்டைக்குச் சமமாக வெள்ளிப் பொட்டு போலத் தெரியும். அதை அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள். பஞ்சர் போடும் இடம் வரை அதுதான் காற்றை ஓரளவு பிடித்து வைத்திருக்கிறது.

கசிவை அடைத்து, காற்றைச் சரியாக அடித்த பிறகு ரீசெட் அழுத்துங்கள். வண்டி நிற்க வேண்டும், இக்னிஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும். விளக்கு சிமிட்டும் வரை சில நொடிகள் பிடித்திருங்கள். சில கார்களில் பட்டனுக்குப் பதில் திரையில் மெனு இருக்கும். உங்கள் காரின் கையேட்டில் முறை போட்டிருக்கும். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் கார் புது அளவைக் கற்று முடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான்கு டயரும் ஒன்றாக, ஒரே அளவில் இறங்கினால் இந்த வகை அமைப்புக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம். அதனால் விளக்கு வருகிறதோ இல்லையோ, மாதம் ஒரு முறை கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் காரில் அதே விளக்கு, ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல சிமிட்டிவிட்டு, பிறகு அணையாமல் எரிகிறது. காற்று சரியாகத்தான் இருக்கிறது. கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

பதில்: சிமிட்டினால், குறை இருப்பது அழுத்தத்தை அளக்கும் அமைப்பில். உங்கள் காரில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் தனித்தனியாகத் திரையில் தெரியும் என்றால், வால்வோடு சேர்த்து சக்கரத்துக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. அதன் பேட்டரி 5 முதல் 10 ஆண்டு வரை வரும். மூடி ஒட்டியிருப்பதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும். மாற்றியதைக் காரின் கம்ப்யூட்டரில் பதியவும் வேண்டும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் சிமிட்டும், அதையும் பார்த்துவிடுங்கள். டயர் மாற்றும் நேரம் நெருங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். டயரைக் கழற்றுபவரிடம் உள்ளே சென்சார் இருக்கிறது என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வால்வுக்குப் பக்கத்தில் லீவரை விட்டு நெம்பினால் அது உடைந்துவிடும்.