‘மடை திறக்கல’, ‘மடை திறக்கலாம்’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் முறைத் தண்ணீர் (முறை வைத்து வயல்களுக்கு விடும் தண்ணீர்) பற்றிப் பேச்சுத் தமிழில்தான் எழுதுகிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு செய்தியையும் திருத்துகிறார். பாதிப் பேர் எழுதுவதை விட்டுவிட்டுக் குரல் பதிவு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எதைத்தான் பிழை என்று கொள்வது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ‘தண்ணி வந்துருச்சு’, ‘அப்பறம் பாக்கலாம்’ என்பவை பிழையே இல்லை. வந்துருச்சு, வந்திருச்சு, வந்துடுச்சு எப்படி எழுதினாலும் படிப்பவர் தடுமாறுவதில்லை. ஆசிரியர் ஐயாவின் அக்கறை நல்லதுதான், ஆனால் அது செல்ல வேண்டிய இடம் வேறு.

‘மடை திறக்கல’ என்றால் இன்னும் திறக்கவில்லை. ‘மடை திறக்கலாம்’ என்றால் போய்த் திறந்துகொள்ளலாம். நடுவில் இருப்பது ஒரு காலும் ஒரு ‘ம்’மும்தான். அவசரத்தில் ‘திறக்கலா’ என்று நின்றுவிட்டால் படிப்பவர் மண்வெட்டியை எடுப்பாரா, வீட்டிலேயே இருப்பாரா? கடைமடையில் காய்ந்து கிடக்கும் வயலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ‘வரல – வரலாம்’, ‘போடல – போடலாம்’ எல்லாம் இதே வகை. மற்றதைப் பேச்சில் எழுதுங்கள். ‘இல்லை’ என்று சொல்லும் இடத்தில் மட்டும் ‘திறக்கவில்லை’ என்று முழுசாக எழுதுங்கள். ‘நாளைக்கு’ என்பதும் வேண்டாம். மறுநாள் காலையில் செய்தியைத் திறப்பவருக்கு அது வேறு நாள். தேதி, கிழமை, மணி மூன்றையும் போடுங்கள்.

கேள்வி: ல-ள-ழ, ர-ற, ன-ண. மூன்றிலும் குழம்புகிறேன். வீட்டில் வடகம் போட்டு விற்கிறேன். ஸ்டேட்டஸில் எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. எளிய வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டு அம்மா. உங்களைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். மயிலாடுதுறை, ஆடுதுறை, திருவாவடுதுறை எல்லாம் ஆற்றங்கரைத் துறைகள். படித்துறையின் துறை, ஆகவே ‘ற’. ‘துரை’ என்று எழுதினால் அது வெள்ளைக்காரத் துரை ஆகிவிடும். திருவையாற்றில் இருப்பது ஆறு, அங்கும் ‘ற’. திருவாரூரில் இருப்பது ஆரூர், அங்கு ‘ர’.

அடுத்து ஒரு சோதனை. சொல்லோடு ‘இல்’ சேர்த்துப் பாருங்கள். ஆறு, ஆற்றில், சோறு, சோற்றில், கிணறு, கிணற்றில். ‘ற்ற’ என்று இரட்டித்தால் அது ‘ற’. ‘ர’ ஒருபோதும் அப்படி இரட்டிக்காது. வினைச்சொல்லுக்கு இந்தச் சோதனை உதவாது. அங்கே வேர்ச்சொல்லைப் பிடிக்க வேண்டும். கதிரை அறுப்பதால் அறுவடை, அறுப்பு மிஷின். ‘அருவடை’ என்று ஒன்று இல்லை.

‘ட’வுக்கு முன்னால் வருவது ‘ண்’ (வண்டி), ‘ற’வுக்கு முன்னால் வருவது ‘ன்’ (கன்று, நன்றி). இதைப் பிடித்துக்கொண்டாலே ‘நண்றி’ வராது.

ல, ள இரண்டுக்கும் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். நெல், நெற்கதிர்: ‘ற்’ ஆக மாறினால் ‘ல’. முள், முட்செடி: ‘ட்’ ஆக மாறினால் ‘ள’. ‘ழ’வுக்கு நாக்குதான் சாட்சி, அது வராதவர்கள் பொருளோடு சேர்த்து மனத்தில் வைக்க வேண்டும். வாழை தோட்டத்தில், வாளை ஆற்றில் நீந்தும் மீன். இரண்டும் சந்தையில் விற்பதால் ‘வாளை கிடைக்கும்’ என்று போட்டால் வாங்க வருபவர் மீன் கேட்பார். ‘களை எடுக்க 6 ஆள் வேணும்’ என்பதைக் ‘கலை எடுக்க’ என்று பலர் எழுதுகிறார்கள். குறுவை அறுத்த தாள் நிற்கும் வயலில் அடுத்து நடுவது தாளடி. அதற்கு ‘ழ’ கிடையாது.

கேள்வி: ஒற்று எங்கே வரும், எங்கே வராது?
– மாணவர், திருவையாறு

பதில்: முழு இலக்கணமும் இங்கே அடங்காது. நூற்றுக்கு அறுபது எழுபது இடங்களுக்கு இரண்டு விதி போதும் என்று நினைத்துத் தொடங்குங்கள். ‘ஐ’, ‘கு’ என்ற உருபுகள் வெளிப்படையாக நின்று, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் ஒற்று வரும்: அணையைத் திறந்தார்கள், கல்லணைக்குத் தண்ணீர் வந்தது. அந்த ‘ஐ’ மறைந்து நின்றால் வராது: ‘அணை திறந்தார்கள்’. மேட்டூரை ஜூன் 12-ல் திறக்கும் வழக்கம் உண்டல்லவா, அன்று வரும் செய்திகளில் ‘அணைத் திறப்பு’ என்று ஒற்றைப் போட்டுவிடுகிறார்கள். ‘அணை திறப்பு’ போதும்.

ஒற்று பொருளையே மாற்றும் இடமும் உண்டு. ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்வது. ‘கீரைக்கடை’ கீரை விற்கும் இடம். இல்லாத ஒற்றைச் சேர்ப்பது விட்டுப்போவதைவிடக் கண்ணை உறுத்தும்: ‘பெரியக் கோயில்’ தவறு, தஞ்சைப் பெரிய கோயில் என்பதே சரி. அரட்டையில் ஒற்று விட்டுப்போனால் யாரையும் நிறுத்தாதீர்கள். கடைப் பலகைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் மட்டும் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.

கேள்வி: கோயிலா, கோவிலா? வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?
– வாசகி, பாபநாசம்

பதில்: கோயில், கோவில் இரண்டும் சரி. நீங்கள் எழுதும்போது ‘வாழ்த்துகள்’ என்று எழுதுங்கள். ‘க்’ போட்டு வாழ்த்தியவரைத் திருத்தாதீர்கள்.

கேள்வி: குழுவில் ‘காவிரி’ என்று தேடினால் பழைய செய்திகள் சில வருவதில்லை. ஆனால் கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது.
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: எழுதியவர் ‘ரி’க்குப் பதில் துணைக்காலைத் தட்டி அதன்மேல் கொக்கியைப் போட்டிருப்பார். பார்வைக்கு ‘ரி’ போலவே இருக்கும், தேடலுக்கு அது வேறு எழுத்து. ‘ஔ’வுக்கு ‘ஒ’வும் ‘ள’வும் தட்டுவதும் இதே கோளாறு, ஔவையாரைத் தேடினால் கிடைக்கமாட்டார். திருத்தித் தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தக் குழப்பம் பழையதுதான். ஓலைச்சுவடிகளில் காலும் ‘ர’வும் ஒரே வடிவில் இருக்கும், மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இராது. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த உ.வே.சாமிநாதையர், பழைய நூல்களைப் பதிப்பிக்கும்போது பல பிரதிகளை ஒப்பிட்டுத்தான் எந்தச் சொல் சரி என்று உறுதி செய்தார்.

ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குபவர்கள், இடைவெளியைத் தட்டும் முன் மேலே வரும் பரிந்துரைகளைப் பாருங்கள். பார்க்காவிட்டால் முதல் சொல்லே விழும். வாழைக்கு வலை வருவது இப்படித்தான். தமிழ்99 விசைப்பலகையைப் பழகினால் இந்தத் தொல்லை குறையும். ஐபோனிலேயே இருக்கிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலியை நிறுவலாம். அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளி தானே விழுந்து ‘அம்மா’ ஆகும்.

கேள்வி: பெரியப்பா குழுவில் தவறான வாடகைத் தொகையைப் போட்டுவிட்டார். எப்படிச் சொல்வது?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: குழுவில் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு, ‘பெரியப்பா, டிராக்டர் வாடகையில ஒரு சைபர் கூடிடுச்சு’ என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி 15 நிமிடத்துக்குள் செய்தியை அழுத்திப் பிடித்தால் திருத்தலாம். அந்த நேரம் தாண்டிவிட்டால், பழைய செய்தியை மேற்கோளாக வைத்துச் சரியான தொகையை அவரே அனுப்பட்டும்.