பல்லு மீனுக்கு எந்த பிரெய்டு தாங்கும்?

பிரெய்டுன்னா பல புரியை சேர்த்து பின்னின மீன்பிடி நூல், பவுண்ட்னா அது தாங்குற இழுவை, லூர்னா செயற்கை இரை. இதைப் பத்தி ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "30 பவுண்ட் எட்டு இழை பிரெய்டு போட்டிருக்கேன், அதை நேரா லூர்லயே கட்டி வீசறேன். ஒரே காலையில மூணு லூர் போச்சு, சீலாவா இருக்கும்னு தோணுது. 80 பவுண்டுக்கு மாறட்டுமா? இல்ல பல்லுக்கு அறுபடாத பிரெய்டுனு தனியா இருக்கா?"

அறுபடாத பிரெய்டுனு ஒண்ணு கிடையாதுங்க, டப்பா மேல எவ்ளோ பெருசா எழுதியிருந்தாலும் சரி. 80க்கு மாறினா லூர் போறது கொஞ்சம் குறையலாம், ஆனா நிக்காது. அதுக்கு பதிலா வீசுற தூரம் குறையும், காத்தும் நீரோட்டமும் நூலை இழுத்துட்டுப் போகும், ரீல்ல இப்ப ஏறுற நீளத்துல பாதி கூட ஏறாது. உங்க பிரெய்டு அப்படியே இருக்கட்டும், மாத்த வேண்டியது லூருக்கு முன்னாடி இருக்கிற அந்த ஒரு அடிதான்.

ஏன்னு சொல்றேன். பிரெய்டு பெரும்பாலும் பாலிஎத்திலீன் நார்தான், டைனீமா ஸ்பெக்ட்ரானு சொல்றாங்களே அதேதான். எடைக்கு எடை பார்த்தா இரும்பை விட பலம், ஆனா அந்த பலம் நீளவாக்குல இழுக்கிறதுக்கு உள்ள பலம். தலைமுடியை விட சன்னமான நாருங்க நூத்துக்கணக்குல சேர்ந்துதான் அந்த நூல், ஒரு கூர்மையான விளிம்பு குறுக்கால பட்டா முதல்ல பத்து நார் போகும், மிச்சம் இருக்கிறது மேல பாரம் ஏறும், அடுத்த நொடியில எல்லாம் போயிடும். நீங்களே பண்ணிப் பாருங்க, தொளதொளனு கிடக்கிற பிரெய்டை மழுங்கின கத்தரியால வெட்டினா மென்னு மென்னு விடும், அதையே விறைப்பா இழுத்துப் பிடிச்சு பிளேடை லேசா வெச்சாலே பட்டுனு போயிடும். மீன் மாட்டினப்புறம் நூல் எப்பவும் விறைப்பாதானே இருக்கு. தங்கூசி நரம்பாவது (நைலான்) ஒரே கம்பி மாதிரி தடிமனா இருக்கு, மேல கீறல் விழுந்தாலும் உள்ள மிச்சம் தாங்கும், அதே பவுண்டுக்கு பிரெய்டோட தடிமன் ஏறத்தாழ பாதிதான், அதனால கீறல் தாங்க அதுல இடமே இல்ல.

ஆனா முதல்ல ஒண்ணு உறுதி பண்ணுங்க, போனது பல்லாலதானா? அறுந்த முனையை வெளிச்சத்துல பாருங்க. கத்தரியால வெட்டின மாதிரி சுத்தமா இருந்தா பல்லு. ஒரு சாண் நீளத்துக்கு பஞ்சு மாதிரி பிசிறு பிசிறா இருந்தா பாறை, சிப்பி, இல்லைனா உங்க ராடு கைடு வளையத்துல இருக்கிற விரிசல் (ஒரு பஞ்சை எடுத்து வளையத்துக்குள்ள சுத்தி தேய்ச்சா விரிசல் இருக்கிற இடத்துல நார் மாட்டும்). முனை சுருண்டு பன்னிவால் மாதிரி இருந்தா முடிச்சு நழுவியிருக்கு. மூணுக்கும் மருந்து வேற வேற, நிறைய பேர் இதை பார்க்காமலே புது நூல் வாங்கிடறாங்க.

பல்லுதான்னா லீடருக்கு, அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவுல கட்டுற துண்டுக்கு வருவோம். எந்த மீனுங்கிறதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். வஞ்சிரத்துக்கு பல்லு தட்டையா முக்கோணமா ரம்பம் மாதிரி வரிசையா இருக்கும், ஒரு கடிக்கே போயிடும். சீலாவுக்கு முன்பல் நீளமா ரெண்டு பக்கமும் கூரா இருக்கும். பேத்தை மீனுக்கு நாலு பல்லும் சேர்ந்து கிளி மூக்கு மாதிரி, அது ஃப்ளோரோகார்பன் (நைலான் மாதிரியே ஒத்தை நரம்பு) எல்லாம் கொறிச்சே துண்டு போட்டுடும். இந்த மூணுக்கும், சுறாவுக்கும், சின்ன சாவாளைக்கு கூட, நான் கம்பிதான் சொல்வேன்.

கம்பியில மூணு வகை. ஒத்தைக் கம்பி ஸ்டீல் மெல்லிசு, தண்ணியில கண்ணுக்கு அவ்வளவா தெரியாது, விலை கம்மி, ஆனா ஒரு தடவை மடிஞ்சா அந்த இடம் செத்துப்போச்சுனு அர்த்தம், நேராக்கி திரும்ப போடாதீங்க, அடுத்த மீன் அங்கதான் முறிக்கும். பல இழை முறுக்குக் கம்பி, அதாவது 7 இழை, 49 இழைனு வர்றது, நல்லா வளையும், லூர் ஆட்டம் கெடாது, ஆனா பல்லு பட்டு பட்டு ஒரு ஒரு இழையா விட்டுப்போகும், கையில குத்துற மாதிரி ஒரு இழை தனியா நின்னாலே மாத்திடுங்க. மூணாவது டைட்டானியம். வளைச்சாலும் பழையபடி நிமிர்ந்துடும், கொஞ்சம் நீண்டும் குடுக்கும், ஒரு லீடர் பல மீனுக்கு வரும், விலை அதிகம்தான். லூர் நிறைய வீசுறவங்களுக்கு கடைசியில கணக்கு பார்த்தா அதுதான் மலிவு.

ஃப்ளோரோகார்பன் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இதுல நிறைய ஏமாத்தம் நடக்குது. அது நைலானை விட மேல்பரப்பு கெட்டி, தண்ணியோட ஒளிவிலகல் எண் 1.33, இதுக்கு 1.42, நைலானை விட தண்ணிக்கு கிட்ட இருக்கு, அதனால தெளிஞ்ச தண்ணியில கம்பியைப் பார்த்து ஒதுங்குற மீன் இதுக்கு வரும். ஆனா 30 பவுண்ட் ஃப்ளோரோ போட்டுட்டு பல்லுக்கு தாங்கும்னு நம்பாதீங்க, 80 பவுண்டுக்கு கீழ, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமனுக்கு கீழ, அதை பல்லு லீடர்னே சொல்ல முடியாது. அதுக்கு மேல போட்டாலும் ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் நகத்தை ஓட்டிப் பாருங்க, சொரசொரப்பு தட்டுப்பட்டா அந்தத் துண்டை வெட்டிட்டு திரும்ப கட்டுங்க. கம்பியை பார்த்து மீனே கடிக்கலைங்கிற நாள்ல மட்டும் நான் இதுக்கு இறங்குவேன்.

நீளம் எவ்ளோன்னா, லூருக்கு 20லேருந்து 30 சென்டிமீட்டர் கம்பி போதும். வேகமா இழுக்கிற லூரை மீன் பின்னாலேருந்து துரத்தி கடிக்கும், வாய் நூல் வரைக்கும் வர்றது கம்மி. நிறுத்தி நிறுத்தி இழுக்கிறதையும், இறக்கிப் போடுற இரையையும் முழுசா விழுங்கும், அப்ப 45 சென்டிமீட்டர் வரைக்கும் வேணும். சுறாவுக்கு கதையே வேற, அதோட தோலே உப்புத்தாள் மாதிரி, வாலால அடிச்சே நூலைத் தேய்ச்சிடும், அதனால லீடர் மொத்தமா மீனோட உடம்பு நீளத்தை விட அதிகமா இருக்கணும்.

கம்பியை பிரெய்டுல நேரா கட்டாதீங்க, மெல்லிசு கம்பி பிரெய்டையே அறுத்துடும். நான் போடுறது: பிரெய்டு, அதுல எஃப்ஜி நாட் (பிரெய்டை லீடர் மேல சுத்தி இறுக்குற முடிச்சு) போட்டு ஒரு மீட்டர் ஃப்ளோரோ (இது பல்லுக்காக இல்ல), அப்புறம் சின்ன ஸ்விவல் (சுழல்ற இணைப்பு வளையம்), அப்புறம் கம்பி. ஸ்விவல் கறுப்பா இருக்கணும், இது ரொம்ப முக்கியம். பளபளனு வெள்ளிக் கலர்ல ஓடுற ஸ்விவலை வஞ்சிரம் இரைனு நினைச்சு கடிக்கும், கம்பிக்கு மேலயே கடிச்சா கம்பி போட்டும் பிரயோஜனம் இல்ல. ஒத்தைக் கம்பியை முறுக்கும்போது முதல்ல ரெண்டு கம்பியும் ஒண்ணை ஒண்ணு சரிசமமா சுத்துற மாதிரி நாலஞ்சு சுத்து, அப்புறம் நெருக்கமா நாலஞ்சு வளையம், மிச்ச முனையை கட்டரால வெட்டாம முன்னும் பின்னும் ஆட்டி முறிச்சு எடுங்க, வெட்டினா நிக்கிற முள்ளு கையை கிழிச்சிடும்.

சரி, பிரெய்டே புதுசா வாங்கணும்னா என்ன பார்க்கிறது? பல்லுக்காக இல்ல, உராய்வுக்காக பாருங்க. பவுண்ட் கணக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும், தடிமனைப் பாருங்க, பிஇ நம்பர் (நூல் தடிமனைச் சொல்ற எண்) போட்டிருந்தா இன்னும் நல்லது, பிஇ 1 சுமார் 0.165 மில்லி, பிஇ 2 சுமார் 0.235, பிஇ 3 சுமார் 0.285. ஒரே தடிமன்ல நாலு இழைன்னா ஒவ்வொரு இழையும் தடியா இருக்கும், சொரசொரப்பா சத்தமா ஓடும், ஆனா பாறையில தேய்ஞ்சா ரொம்ப நேரம் நிக்கும். எட்டு இழை உருண்டையா வழுவழுப்பா இருக்கும், தூரம் போகும். பாறை, சிப்பி உள்ள இடம்னா நாலு, திறந்த தண்ணினா எட்டு. பின்னல் நெருக்கமா இருக்கானு விரல்ல உருட்டிப் பாருங்க, தட்டையா நசுங்கினா வேண்டாம். மேல பூசின பூச்சை நம்பி வாங்காதீங்க, அது நாலு தடவை போனா தேய்ஞ்சு போயிடும்.

டிராக்கை (மீன் இழுத்தா நூலை விட்டுக் குடுக்கிற ரீல் பிரேக்) 30 பவுண்ட் நூலுக்கு ஏழெட்டு பவுண்ட், அதாவது மூணரை கிலோ கிட்ட வைங்க. நூல் எவ்ளோ விறைக்குதோ அவ்ளோ சுலபமா பல்லு வெட்டும். கம்பி போட்டா மீன் வராதுனு பயந்து பிரெய்டை நேரா கட்டுறவங்ககிட்ட நான் ஒண்ணு கேட்டுக்கிறேன், அறுத்துட்டுப் போற ஒவ்வொரு மீனும் வாயில ரெண்டு மூணு கொக்கியோட போகுது, வாயைத் திறந்து இரை தின்ன முடியாம அலையும். லூர் போன வருத்தத்தை விட எனக்கு அதுதான் பெருசா படுது.

இப்ப இருக்கிற பிரெய்டை தூக்கிப் போட்டுடாதீங்க. கடைசி ரெண்டு மூணு மீட்டரை வெட்டிட்டு, மிச்சத்தை இன்னொரு ஸ்பூல்ல ஏத்தி, அதுலேருந்து மூணாவது ஸ்பூலுக்கு மாத்தி, அப்புறம் திரும்ப ரீல்ல சுத்துங்க, இதுவரைக்கும் தண்ணியே படாம உள்ள கிடந்த பாதி மேல வந்துடும்.