மலையூருக்குச் சமுதாய வானொலி

கேள்வி: ஏற்காடு மலையிலுள்ள எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டியும், பலர் அதில் விறகைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் மக்களுக்காக ஊரிலிருந்தே ஒலிபரப்பும் சமுதாய வானொலி தொடங்கினால் இந்நிலை மாறுமா?

பதில்: மாறக்கூடும், ஆனால் தனிநபருக்கு உரிமம் கிடைக்காது. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே இருந்த அனுமதி, 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆகவே பதிவுபெற்று 3 ஆண்டுகளாவது செயல்பட்டுவரும் அமைப்பு ஒன்றை நாடுங்கள். பொதுவாக 100 வாட் திறனுக்கே அனுமதி என்பதாலும், பண்பலை ஒலிபரப்பை மலைச்சரிவுகள் மறைக்கும் என்பதாலும், கோபுரம் நிற்கும் இடத்தைப் பொறுத்தே எந்தெந்த ஊருக்குக் கேட்கும் என்பது அமையும்.

நிகழ்ச்சியில் உபதேசம் வேண்டாம்; அதைக் கேட்க ஆளிருக்காது. குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற அச்சம்தான் பல வீடுகளில் கதவைப் பூட்டி வைத்திருக்கிறது. இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிரம்பியதும், குழாய் இரு குழிகளுக்கும் பிரியும் இணைப்புத் தொட்டியில் அதன் வழியை அடைத்து மறு குழிக்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை 2 ஆண்டுகள் மூடி வைத்தால், உள்ளிருப்பது நாற்றமில்லாத, மண் போன்ற எருவாகிவிடும். அதை அள்ளிக் காப்பிச் செடிக்கு இட்டவர் அக்கம்பக்கத்தில் இருந்தால், அவரையே உங்கள் மலைப் பேச்சில் பேசச் சொல்லுங்கள். தண்ணீர் சுமக்கும் பெண்களிடம், சரிவு மிகுந்த கிராமப்புறக் கழிப்பறைக் கோப்பைக்கு ஒரு முறைக்கு 2 லிட்டர் தண்ணீரே போதும் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமம் வரக் காலமாகும். அதுவரை இவற்றைக் கைபேசியில் பதிவுசெய்து கிராமசபைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் போடலாம்.