பையனுக்கு அறை எடுத்துக் கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் கோயில் இளைஞர் குழு சனிக்கிழமை இரவுகளில் கோலாலம்பூர் சௌக்கிட் பக்கம் போய்ச் சாப்பாடு கொடுத்து வருகிறது. அங்கே 19 வயதுப் பையன் ஒருவனைப் பார்த்தோம். நம் பையன்தான். இன்னொரு பையனோடு பழகுவது தெரிந்து அப்பா வீட்டை விட்டுத் துரத்திவிட்டாராம். கடை வாசலில் படுக்கிறான். குழுப் பணத்தில் அவனுக்கு ஓர் அறை எடுத்துத் தரலாம் என்றேன். சட்டப் பிரச்சினை வரும் என்கிறார் செயலாளர். கோயில் பெயர் கெடும் என்கிறார் பொருளாளர். பெற்றோரிடம் பேசிச் சேர்த்து வைத்துவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பெயர் வேண்டாம்,
செந்தூல்

அன்புள்ள நண்பருக்கு,

செயலாளரின் பயம் சுலபமாகத் தீரக்கூடியது, அதை முதலில் முடித்துவிடுவோம். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் பிரிட்டிஷ்காரன் விட்டுப் போன சரக்கிலிருந்து வந்தவை. இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படி என்று கடுமையானவைதான். ஆனால் அவை பேசுவது ஒரு பாலியல் செயலைப் பற்றி. ஒருவன் இன்னாரை விரும்புகிறான் என்பதைப் பற்றி அல்ல. அவனுக்கு அறை எடுத்துக் கொடுப்பவரைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. முஸ்லிம் பிள்ளைகள் என்றால் மாநில ஷரியா சட்டங்கள் தனியாக உண்டு. உங்கள் பையனுக்கு அந்தக் கவலை இல்லை. வயது 19. சிறுவன் அல்ல, எங்கே தங்குவது என்று அவனே முடிவு செய்யட்டும்.

பொருளாளரிடம் ஒன்று கேளுங்கள். அன்னதான வரிசையில் தட்டு நீட்டுகிறவனிடம் யாரோடு பழகுகிறாய் என்று விசாரித்தா சோறு போடுகிறோம்? நியூயார்க்கில் ஆலி ஃபோர்னி என்று ஒரு பிள்ளை. தெருவிலேயே வளர்ந்து, தன்னைப் போன்ற பிள்ளைகளுக்காகப் பேசி, 1997இல் 22 வயதில் ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரில் 2002இல் இப்படித் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு தங்குமிடம் திறந்தார்கள். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், ஆறே படுக்கைகளோடு. அந்தத் தேவாலயத்தின் பெயர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பணத்தை விடப் பெரிய சிக்கல் வாசலில் காத்திருக்கிறது. போன வருடம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு திருநங்கைப் பிள்ளைக்கு அறை தேடி அலைந்தேன். போனில் "காலியாத்தான் இருக்கு, வாங்க தம்பி" என்ற வீட்டுக்கார அம்மா, அவளை நேரில் பார்த்ததும் "இப்பதான் ஆள் வந்துட்டாங்க" என்றார். "அறை வாடகைக்கு" என்ற தாள் இரும்புக் கதவில் அப்படியே ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அவள்தான் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஆகவே பணம் கொடுத்து அவனைத் தனியாக அனுப்பாதீர்கள். குழுவில் நாலு பேருக்குத் தெரிந்த ஒருவர் கூடப் போய், நான் பொறுப்பு என்று சொல்ல வேண்டும். முன்பணம், வைப்புத்தொகை, இரண்டு மூன்று மாத வாடகை, இவ்வளவுதான் தேவை. ஐ.சி. (அடையாள அட்டை) இருக்கிறதா என்றும் பாருங்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் துரத்தப்பட்டவன் சார்ஜரை மறக்கமாட்டான், ஐ.சி.யை மறந்திருப்பான். அது இல்லாமல் வேலையும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. தேசியப் பதிவுத் துறையான ஜே.பி.என்.னில் கைரேகை வைத்துப் புதிதாக எடுக்கலாம். அபராதம் கட்ட வேண்டியிருந்தால் அதையும் குழுவே கட்டட்டும்.

பெரியவர்களின் யோசனைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சேர்த்து வைப்பது என்றால் நம் ஊரில் என்னவென்று நமக்குத் தெரியும். அப்பா கோபம் ஆறிவிட்டது என்பார்கள். வீட்டுக்குப் போனதும் போன் பறிபோகும், சாமியாரிடம் கூட்டிப் போவார்கள், ஆறு மாதத்தில் பெண் பார்ப்பார்கள். 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து ஓடி வந்த இரண்டு இளம்பெண்கள். காணவில்லை என்று பெற்றோர் கொடுத்த புகார். தேடி வந்த போலீஸ். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு போதவில்லை என்று முதலில் ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். பிறகுதான் தீர்ப்பு எழுதினார். வயது வந்தவர்கள் விருப்பத்தோடு போயிருந்தால் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், தங்குமிடங்களில் இவர்களுக்கும் இடம் வேண்டும் என்றார். உயர்நீதிமன்ற நீதிபதியே பாடம் கேட்டார். நம் பெரியவர்கள் ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் சமாதானம் செய்துவிடப் பார்க்கிறார்கள்.

பெற்றோரிடம் பேசவே கூடாது என்று சொல்லவில்லை. அவன் கேட்டால் பேசுங்கள். அவன் இருக்கும் இடத்தை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். அப்பாக்களை விட அம்மாக்கள்தான் முதலில் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓர் அம்மா மாதாமாதம் டச் அண்ட் கோ என்ற கைபேசிப் பணப்பையில் மகனுக்கு ஐம்பது வெள்ளி அனுப்புவார். ஒரு வார்த்தை எழுதமாட்டார்.

உங்களுக்கு உதவி வேண்டுமானால், இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் பி.டி. அறக்கட்டளை 1987இலிருந்து கோலாலம்பூரில் இயங்குகிறது. சீட் அறக்கட்டளையை 2014இல் திருநங்கைகளே தொடங்கினார்கள். இரண்டு இடத்திலும் இது பழகிய வேலை.

ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை நீங்கள் பார்க்கிற பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்றால் இதெல்லாம் பொருந்தாது. உங்களில் யார் வீட்டிலும் ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள், நாளைக்குப் பெற்றோர் போலீசுக்குப் போனால் மாட்டிக்கொள்வது நீங்கள். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பாதுகாப்புக் கொடுக்க வேண்டியவர்கள் சமூகநலத் துறை அதிகாரிகள். தாலியான் காசிஹ் என்ற அரசு உதவித் தொலைபேசி எண் 15999, இரவிலும் எடுப்பார்கள். அதிகாரி வரும்வரை உங்களில் ஒருவர் அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருங்கள். ஏன் துரத்தினார்கள் என்று அதிகாரியிடம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.