அப்பாவைப் பற்றி நாலு வரி

(ஓய்வுபெற்ற பினாங்குத் தாதி ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் பகுதி)

கேள்வி: வணக்கம் அம்மா. என் அப்பா சென்ற ஆண்டு 94 வயதில் காலமானார். 1930-இல் பிறந்தவர், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் தலைத்திவசம். நாளிதழில் அரைப்பக்க நினைவஞ்சலி கொடுப்பதென்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 'பாசமிகு தந்தை, அன்பான தாத்தா' என்பதற்கு மேல் ஒரு வரியும் வரவில்லை. எழுத உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. "பேரன் பேத்தி எல்லாம் பார்த்துவிட்டுப் போனவர், கல்யாணச் சாவு. இதற்கு இன்னுமா அழுவாய்?" என்று அத்தை கடிந்துகொள்கிறார். நான் செய்வது தவறா?
— ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: முதலில் அத்தையின் பேச்சு. கல்யாணச் சாவு என்பது ஊருக்குச் சொல்வது. நிறைந்த வயதில் போனவருக்கு மேளம் வைப்பதும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதும், 'இந்த மனிதர் குறையில்லாமல் வாழ்ந்தார்' என்று தெருவுக்கு அறிவிக்கத்தான். மகள் அழக் கூடாது என்ற சட்டம் அதில் எங்கேயும் இல்லை. மருத்துவமனை வார்டுகளில் என் ஆயுளில் பாதி போயிருக்கிறது. இளம் வயதில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகள் கிடைக்காமல் போன நாள்களை நினைத்து அழுவார்கள். தலை நரைத்த பிறகு பறிகொடுத்தவர்களோ, காலையில் முதல் காப்பியை யாருக்குக் கலக்குவது என்று தெரியாமல் அடுப்படியில் நிற்பார்கள். அத்தனை ஆண்டுப் பழக்கம் ஒரே ஆண்டில் கழன்றுவிடுமா? அழுங்கள். அத்தையோடு வாதாடவும் வேண்டாம். போனவர் அவருக்கு அண்ணனோ தம்பியோதானே? அவரும் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

இனி அறிவிப்புக்கு வருவோம். 'பாசமிகு', 'அன்பான' இரண்டையும் எடுத்துவிடுங்கள். அன்றைய நாளிதழில் வரும் எல்லாப் படங்களுக்கும் கீழே அவைதாம் இருக்கும். பாசமில்லாத தந்தை என்று காசு கொடுத்து இதுவரை யாரும் அச்சிட்டதில்லை.

ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் ஆண்டையும் வலப்பக்கம் அப்பாவின் வயதையும் எழுதுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 11. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டும் மரவள்ளிக்கிழங்கும் இருந்த அந்தக் காலத்தில் வீட்டுக்குச் சோறு போட்டது யார்? ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் குடும்பத்தில் யாரையாவது கொண்டுபோனார்களா? 1945-இல் நேச நாட்டு விமானங்கள் செந்தூல் பட்டறைமீது குண்டு போட்டன. அப்பாவுக்கு அப்போது 15 வயது இருக்கும். எந்த ஊரில் இருந்தார், சத்தம் கேட்டதா? 1948-இல் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்தது, அதோடு அடையாள அட்டையும் வந்தது. 18 வயதுப் பையனாக அவர் அந்த அட்டைக்கு எடுத்துக்கொண்ட படம் வீட்டில் எங்காவது கிடக்கலாம். தேடுங்கள். 1957-இல் சுதந்திரம், வயது 27. நீராவி எஞ்சின்களுக்கு நடுவே டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். பட்டறைக்காரருக்கு அது சின்னச் செய்தியா? வீட்டுக்கு வந்த சட்டையின் அழுக்கு எப்போது மாறியது என்று அம்மா இருந்தால் அவரைக் கேளுங்கள். துவைத்தவருக்குத்தான் தெரியும். அத்தையையும் கேளுங்கள். ஜப்பான் காலத்துக் கேள்விகளுக்கு வீட்டில் இப்போது அவர் ஒருவரிடம்தான் பதில் இருக்கக்கூடும். உடன்பிறந்தவரைப் பற்றி நாலு கேள்வி கேட்டால் கடிந்துகொள்வதும் நிற்கும்.

எல்லாக் கட்டங்களும் நிரம்பாது. இரண்டு நிரம்பினால் போதும், அரைப்பக்கத்துக்கு அதுவே தாராளம்.

எங்கள் அப்பாவும் 1930-இல் பிறந்தவர்தான். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய ஃபெர்ரியில், ஏறி வரும் கார்களைத் தளத்தில் வரிசையாக நிறுத்தும் வேலை. ஓய்வு பெற்றது 1985-இல், பினாங்குப் பாலம் திறந்த அதே ஆண்டு. அதற்குப் பிறகு பாலத்துக்கும் அவருக்கும் ஆகவில்லை. தைப்பூசத்துக்குத் தீவிலுள்ள தண்ணீர்மலைக் கோவிலுக்குப் போவதானாலும் அவருக்கு ஃபெர்ரிதான். "தீவுக்குப் போகும்போது மட்டும் காசு வாங்குகிறான், திரும்பும்போது சும்மா கொண்டுவந்து விடுகிறான். எந்தப் பாலம் அப்படிச் செய்யும்?" என்பார். பாலத்திலும் ஒரு பக்கம்தான் டோல் என்று நாங்கள் எடுத்துச் சொன்னால் காதில் விழாதவர்போல நாளிதழைப் பிரிப்பார். பாகான் டாலாம் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஃபெர்ரியின் ஊதல் சத்தத்தை வைத்தே "இது புலாவ் ரீமாவ், இது புலாவ் அங்சா" என்று ஃபெர்ரியின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுவார். சரியா தவறா என்று சோதிக்க யாருக்குத் தெரியும்? பிள்ளைகள் நம்பினார்கள்.

அவர் 92 வயதில் போனபோது நாங்கள் அறிவிப்பில் எழுதியது ஒரே வரி: 'ஃபெர்ரியில் ஒரு காரும் இன்னொரு காரை உரசாமல் நிறுத்தியவர்.' தம்பிக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆனால் அப்பாவோடு வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் யாரையோ படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உடனே போன் செய்து, "ஒரு முறை உரசியது. மோரிஸ் மைனர். நான்தான் சாட்சி" என்றார். பாசமிகு தந்தை என்று போட்டிருந்தால் அந்த போன் வந்திருக்குமா?

கேள்வி: தாத்தாவின் நினைவு நாளில் என்னைப் பேசச் சொல்கிறார்கள். எனக்கு 19 வயது. தமிழ் பேசுவேன், ஆனால் மேடைத் தமிழ் வராது. எழுதி வாங்கிப் படிக்கலாமா?
— ஒரு பேரன், சுங்கை ஆரா

பதில்: வேண்டாம் தம்பி. தாத்தாவிடம் எப்படிப் பேசினீர்களோ அப்படியே பேசுங்கள். 'இமயம் சரிந்தது' என்று தொடங்கினால் முன்வரிசையில் உங்கள் பாட்டிகூட நம்பமாட்டார். தாத்தா உங்களைக் கடைசியாக எதற்குத் திட்டினார் என்பதில் தொடங்குங்கள். மூன்று நிமிடம் போதும்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் அப்பாவின் திவசத்தை ஆங்கிலத் தேதியில் செய்வதா, திதியிலா?
— வாசகர், பிறை

பதில்: திவசத்துக்கு அவர் இறந்த தமிழ் மாதமும் திதியும்தான் கணக்கு. அதனால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். நாளிதழ் அறிவிப்புக்கு ஆங்கிலத் தேதியை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே நாளில் வரவேண்டும் என்பதில்லை. திதி தெரியாதவர்கள் கோவில் குருக்களிடம் இறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லிவிடுவார்.

கேள்வி: வேட்டியும் அரைக்கைச் சட்டையும் தவிர வேறு எதையும் அறியாதவர் எங்கள் அப்பா. சாமி அறையில் மாட்டக் கொடுத்த படத்தில் ஸ்டூடியோக்காரர் கணினியில் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். அண்ணனுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எனக்கு யாரோ வங்கி மேலாளரைக் கும்பிடுவதுபோல இருக்கிறது.
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: கழற்றச் சொல்லுங்கள். மூலப் படம் ஸ்டூடியோவில் இருக்கும், சிறு வேலைதான். அண்ணனுக்குக் கோட்டு அவ்வளவு பிடித்திருந்தால் அவர் படத்துக்கு ஒன்று மாட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும்.